படுக்கை, பாடம், தொழுகை: பள்ளி என்னும் சொல்

கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனைக் கோயிலின் மதிலை ஒட்டி, மணிக்கூண்டோடு ஒரு கட்டடம் நிற்கிறது. 1568-இல் யூதர்கள் கட்டிய தொழுகையிடம். மலையாளத்தில் அது ஜூதப்பள்ளி. கட்டியவர்கள் ஸ்பெயின், போர்ச்சுக்கல் முதலிய நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் என்பதால் பரதேசிப் பள்ளி என்றும் பெயர். வேற்றுநாட்டார் என்ற பழைய பொருளில் பரதேசி அங்கே இன்னும் மரியாதையாக வாழ்கிறது. நம் பக்கத்தில் அது வசவாகிப் பல காலம் ஆகிவிட்டது.

பரதேசியை விட்டுவிடலாம். நான் எழுத வந்தது பள்ளியைப் பற்றி. நம் காரைக்குடியில் பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம். அதோடு வாசலைச் சேர்த்தால் முஸ்லிம்கள் தொழும் இடம். அறையைச் சேர்த்தால் அர்த்தசாமப் பூசை முடிந்து சுவாமி எழுந்தருளும் இடம். எழுச்சியைச் சேர்த்தால் விடியற்காலைப் பாட்டு. இத்தனைக்கும் இடம் கொடுத்த சொல் யூதர்களுக்கும் கொடுத்திருக்கிறது. வெளியூரார் கோயிலுக்கு உள்ளூரார் ஏதோ ஒரு பெயரை ஒட்டிவைத்தார்கள் என்று இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. யூதர்களின் தொழுகையிடம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், அதற்குப் பள்ளியைப் போலப் பொருந்துகிற சொல் தமிழில் வேறு இல்லை.

சொல்லின் வேரைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. சிவகங்கையை அடுத்த திருமலையில் மலையின் மேலே இயற்கையான குகைத்தளம் இருக்கிறது. பாறைத் தரையை ஆள் நீளத்துக்குச் செதுக்கி வழவழப்பாக்கி, தலைமாட்டில் மட்டும் சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். அதுதான் கற்படுக்கை. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கக் குகையின் நெற்றியில் காடி வெட்டுவதும், பக்கத்தில் சுனை இருக்கும் இடமாகத் தேர்ந்துகொள்வதும் இத்தகைய குகைகளின் பொது வழக்கம். அங்கே தமிழி என்னும் பழைய எழுத்தில், காவிதிப் பட்டம் பெற்ற ஒருவர் வெட்டுவித்ததாக ஒரு பொறிப்பு. வெட்டுவித்த பொருளை அது ‘பளிய்’ என்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளத்திலும், நெடுஞ்செழியன் பெயர் வரும் புகழ்பெற்ற கல்வெட்டில், இதே சொல்தான். குன்றக்குடியிலும் குகையில் தமிழி எழுத்துகள் உண்டு. காவடி தூக்கி மலையேறுகிற நம்மில் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டோம்.

ஆக, பளி என்பது முதலில் துறவி முதுகு சாய்க்கும் கல். பிறகு அந்தக் கல் இருக்கும் இடம். பிறகு அங்கே தங்குகிறவர்களின் கூட்டம். மதுரைக்காஞ்சி பௌத்தர் இடத்துக்கும் பள்ளி என்கிறது, அந்தணர் மறை ஓதும் இடத்துக்கும் பள்ளி என்கிறது. சமணர் இடத்தைச் சேக்கை என்கிறது. சேக்கையும் படுக்கைதான். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் காலத்திலேயே இந்தச் சொல் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதாக இல்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மழைக்காலம் முழுவதும் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்கிய துறவிகளிடம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கப் போனார்கள், அதிலிருந்து பள்ளிக்கூடம் வந்தது என்பது அறிஞர் பலர் சொல்லும் விளக்கம். பிற்காலக் கல்வெட்டுகளில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர் வருகிறது.

படுக்கை, பாடம், வழிபாடு ஆகிய மூன்றும் இப்படி ஒரே சொல்லில் குடியேறின. மேற்குக் கரையில் கப்பல் இறங்கியவர்கள் வந்தபோது சொல் தயாராக இருந்தது. கொல்லத்தில் சபீர் ஈசோ என்ற வணிகர் தலைமையில் எழுந்த கிறித்தவக் கோயிலுக்கு 849-இல் வேணாட்டு அரசர் கொடுத்த செப்பேட்டில் அந்தக் கோயிலின் பெயர் தரிசாப்பள்ளி. வட்டெழுத்தில், நாம் கொஞ்சம் முயன்றால் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில் எழுதப்பட்டது அது. சாட்சிகள் கையெழுத்திட்ட ஏட்டில்தான் எனக்கு எப்போதும் கண் நிற்கும். சிலர் அரபியில், சிலர் பகலவியில், இன்னும் சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்தக் கடைசிச் சிலர் யூதர்கள். கிறித்தவர் பள்ளிக்கு முஸ்லிம்களோடும் பாரசீகரோடும் சேர்ந்து சாட்சி நின்றிருக்கிறார்கள். பள்ளி என்ற சொல் அன்றே அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

அதே செப்பேட்டில் வரும் இன்னொரு சொல் அஞ்சுவண்ணம். மேற்கு ஆசியாவிலிருந்து வந்த யூதர், கிறித்தவர், முஸ்லிம் வணிகர்கள் சேர்ந்த வணிகக் குழு அது. 1000-ஆம் ஆண்டளவில் சேரமன்னர் பாஸ்கர இரவிவர்மர், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் கொடுத்துச் செப்பேடு எழுதினார். பகல்விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று அந்த உரிமைகள் நீள்கின்றன. அவர் பெயரைச் செப்பேடு இஸ்ஸுப்பு இரப்பான் என்று நம் வாய்க்கு ஏற்ற மாதிரி எழுதுகிறது. பரதேசிப் பள்ளியில் இன்றும் அந்தச் செப்பேடு பாதுகாக்கப்படுகிறது.

அஞ்சுவண்ணம் மலையாளக் கரையோடு நின்றுவிடவில்லை. தொண்டிக்கு அருகே, காரைக்குடியிலிருந்து கிழக்கே போனால் எட்டிவிடுகிற கடற்கரையில், தீர்த்தாண்டதானத்து 1269-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அஞ்சுவண்ணத்தாரை மணிக்கிராமத்தார் என்ற இன்னொரு வணிகக் குழுவோடு சேர்த்துப் பேசுகிறது. நம் கரையில் அந்தப் பெயருக்குள் அப்போது பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களே இருந்திருக்க வேண்டும். திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு சோனகர் பள்ளி, அதாவது முஸ்லிம்களின் பள்ளி, ஒன்றுக்கு விட்ட கொடையைக் குறிப்பதும் அந்த நூற்றாண்டில்தான். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது கேரளத்துச் சேந்தமங்கலத்தில் உள்ள சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல். அதன் ஆண்டும் 1269. கொச்சங்காடியில் இருந்து மறைந்துபோன ஒரு யூதப் பள்ளியின் 1344-ஆம் ஆண்டுக் கல் இப்போது பரதேசிப் பள்ளியின் வெளிச்சுவரில் பதிந்திருக்கிறது.

யூதர்கள் தங்கள் மொழியில் இந்த இடத்தை என்ன சொல்கிறார்கள்? எபிரேயத்தில் மூன்று பெயர்கள் உண்டு. பேத் க்னெசெத் என்றால் கூடும் வீடு. பேத் தெஃபிலா என்றால் தொழும் வீடு. பேத் மித்ராஷ் என்றால் படித்து ஆராயும் வீடு. பல ஊர்களில் ஒரே கூரையின் கீழ் மூன்றும் நடக்கும். சினகாக் என்ற கிரேக்கச் சொல் முதல் பெயரின் நேர் பெயர்ப்பு, கூடுகை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் ஷூல் என்றார்கள். ஜெர்மன் மொழியில் பள்ளிக்கூடத்துக்குள்ள சொல் அது. மார்ட்டின் லூதர் பைபிளை ஜெர்மனில் பெயர்த்தபோது யூதர்களின் கூடங்களைப் பள்ளிக்கூடங்கள் என்றே எழுதினார். மட்டாஞ்சேரியில் பள்ளி என்றவர்களும் போலந்தில் ஷூல் என்றவர்களும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இடத்தின் இயல்பு இருவரையும் ஒரே பொருளுள்ள சொல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

பாடமும் தொழுகையும் சரி, படுக்கை எங்கே என்று கேட்கலாம். எருசலேமில் 1913-இல் ஒரு சுண்ணாம்புக்கல் கிடைத்தது. அங்கிருந்த யூத ஆலயம் இன்னும் இடிபடாத காலத்துக் கிரேக்கக் கல்வெட்டு, பத்து வரி. தியோதோத்தோஸ் என்ற குரு, வேதம் வாசிக்கவும் கட்டளைகளைக் கற்பிக்கவும் இந்தக் கூடத்தைக் கட்டினார், வெளிநாட்டிலிருந்து வந்து இடம் தேவைப்படுகிறவர்களுக்காக விடுதியும் அறைகளும் நீர் வசதிகளும் அமைத்தார் என்று அது சொல்கிறது. திருமலைக் குகையை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படுக்க இடம், குடிக்கத் தண்ணீர், ஓத ஒரு கூரை. யூத மறைநூல் விளக்கங்களின் தொகுப்பான தல்மூதிலும் இதற்குச் சான்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் சொல்ல வேண்டிய திராட்சைரச வாழ்த்தைத் தொழுகைக்கூடத்திலும் ஏன் சொல்கிறோம் என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. அங்கேயே உண்டு, குடித்து, உறங்கும் விருந்தினர்களுக்காக என்பது விடை. வழிப்போக்கர் படுத்துறங்கியதன் தடம் வாரந்தோறும் நடக்கும் தொழுகையின் முறையிலேயே பதிந்திருக்கிறது.

அந்த வாரமுறை கொச்சியில் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யூதர்களுக்கு நாள் மாலையில் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமையல் முடிந்து, விளக்கேற்றி, வேலை நின்றுவிடும். சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும் வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, பணம் தொடக் கூடாது, எழுதக் கூடாது. பள்ளிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவார்கள். வேறு நாட்டு யூதர்களிடம் அநேகமாக இல்லாத இந்த வழக்கத்தை மலையாள மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். காலுக்கடியில் 1762-இல் எசக்கியேல் ரஹபி என்பவர் சீனாவிலிருந்து தருவித்த நீலப்பூ ஓடுகள். கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மேலே வெளிநாட்டுக் கண்ணாடி விளக்குகள் தொங்கும். வெளிநாட்டுத் தரை ஓடுகளும் பெல்ஜியம் கண்ணாடியும் பார்த்து வளர்ந்த செட்டிநாட்டுக் கண்ணுக்கு அந்தக் கூடம் அந்நியமாகத் தோன்றாது.

கூடத்தின் நடுவே பித்தளைக் கிராதி போட்ட மேடை. அதைத் தேபா என்பார்கள். சாதாரண நாள் தொழுகைக்கு அது. கேரளத்துப் பள்ளிகளுக்கே உரிய இன்னொரு தேபா மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால் இருக்கிறது. ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் திருநாளிலும் தங்கள் வேதமான தோராவை அங்கே ஏறித்தான் வாசிப்பார்கள். பெண்களை மாடிக்கு அனுப்பிவிட்ட வழிபாட்டில், வேதம் வாசிக்கும் குரல் மட்டும் வாரம் ஒருமுறை அவர்கள் பக்கத்துக்கு ஏறிவந்தது. கட்டடத்தை வடிவமைத்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களோ இல்லையோ, எனக்கு இது பெரிய காரியமாகப் படுகிறது. கொச்சி யூதப் பெண்கள் எபிரேயம் படித்தவர்கள், தொழுகையில் வாய்விட்டுச் சேர்ந்துகொண்டவர்கள்.

தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வாரத்துக்கு ஒரு பகுதியாக, சில வாரம் இரண்டாக, ஓராண்டில் முடியும். தோல் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. மெய்யெழுத்துகளை மட்டும் பார்த்து, உச்சரிப்பும் ராகமும் பிசகாமல் ஓத வேண்டும். சனிக்கிழமை காலை ஏறி நிற்பவர் அதற்கு முந்தைய நாள்களில் உட்கார்ந்து படித்திருந்தால்தான் முடியும். ஆகவே வாரத் தொழுகை என்பதே வாரப் பாடம். கேரளத்தில் பிள்ளைகளுக்குத் தனியே எபிரேய வகுப்பும் நடந்தது. சில பள்ளிகளில் மாடியிலேயே அதற்கு அறை இருந்தது. கொச்சி யூதர்களிடம் ரபி என்ற குருமார் இருந்ததில்லை. கற்றறிந்த குடும்பத்தலைவர்களே ஓதினார்கள், நடத்தினார்கள், தீர்ப்புச் சொன்னார்கள். படிப்பு ஒருசிலர் கையில் தங்கிவிடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆண்டின் கடைசிப் பகுதியை முடித்த கையோடு முதல் பகுதியைத் தொடங்கும் நாள் சிம்ஹத் தோரா. அன்று கொச்சியில் சுருள்களை வெள்ளிப் பேழையோடு வெளியே எடுத்துப் பாடிக்கொண்டே பள்ளியை வலம் வருவார்கள். பள்ளிக்கு வெளியே சுற்றிவருவதும் பெரும்பாலும் வேறு நாட்டு வழக்கம் இல்லை. பெண்களிடம் தனியே ஒரு பாட்டுச் செல்வம் இருந்தது. மலையாளத்தில், பல இடங்களில் பழந்தமிழ்ச் சாயலோடு, நோட்டுப் புத்தகங்களில் கைப்பட எழுதி வைத்துக்கொண்ட பாடல்கள். அவற்றில் ஒவ்வொரு ஊர்ப் பள்ளியின் பெருமையையும் பாடும் பாட்டுகளும் உண்டு. ஸ்கறியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் 2005-இல் பதிப்பித்த தொகுப்பின் பெயர் கார்குழலி. தமிழ் படித்தவருக்கு அந்தப் பெயருக்கு உரை வேண்டாம்.

ஒவ்வொரு பள்ளிக்கும் அதற்குரிய ஆண்கள் கூடிய சபை யோகம் எனப்பட்டது. யூதத் தலைவருக்குக் கொச்சி அரசர் கொடுத்த பட்டம் முதலியார். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் பொதுத்தொழுகை நடத்தலாம் என்பது யூத விதி. அந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். நம் செட்டிநாட்டு நகரத்தாரிலும் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வரி. தெய்வத்தின் முன் நிற்கும் கூட்டத்தைத் தலை எண்ணித்தான் கட்டமுடியும் என்று கண்டவர்கள் நாமும்.

பத்தில் ஒருவராக யாரை எண்ணுவது என்பதில்தான் வழக்கு வந்தது. பரதேசிப் பள்ளியில், அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு பிரிவினரை உள்ளே சமமாக உட்கார விடவில்லை. தேபாவில் ஏறி ஓதும் உரிமையும் இல்லை. அவர்களில் ஒருவர் ஏ. பி. சேலம். சென்னையில் சட்டம் படித்த வழக்கறிஞர், காங்கிரஸ்காரர். காந்தி வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாக வழி திறந்தது. அதே பிரிவில் பிறந்த ரூபி டேனியல் தம் நினைவுகளை எழுதி 1995-இல் நூலாக்கினார், பெண்களின் பாட்டுகளையும் பெயர்த்துத் தந்தார். படுக்கக் கல் கொடுத்து உருவான சொல்லின் வரலாற்றில், உட்கார இடம் மறுத்த இந்தப் பக்கத்தையும் விடாமல் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் யூதர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன யூத வணிகர்கள் சென்னையில் குடியிருந்தார்கள். பவளக்காரத் தெரு என்ற பெயர் அந்த வணிகத்தின் மிச்சம். அவர்களில் ஜாக் டி பைவா 1687-இல் இறந்தார். சென்னையில் இன்று காணக் கிடைப்பது கல்லறைத் தோட்டம்தான்.

நகரத்தார் யூதப் பள்ளிகளை அருகிலிருந்து பார்த்தது கடல் கடந்த ஊர்களில். இரங்கூனில் செட்டியார் கடைகள் நெருங்கியிருந்த மொகல் தெருவுக்குச் சற்றுத் தள்ளி 26-ஆம் தெருவில் பாக்தாத் யூதர்களின் முஸ்மியா யெசுவா இருக்கிறது. 1890-களில் கட்டிய கட்டடம். ஜப்பான் குண்டு வீசியபோது அந்த யூதர்களும் நம்மவர்களும் ஒரே சமயத்தில் இரங்கூனை விட்டு ஓடினார்கள். சிங்கப்பூரில் 1859-இல் எழுந்த தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், 1905-இல் மனாசே மேயர் கட்டிய செசெத் எல் நிற்கிறது.

தமிழில் எழுதும்போது மட்டும் ஏன் பள்ளி வரவில்லை? காரணம் பெரும்பாலும் பைபிள். பழைய தமிழ் பைபிள் ஜெபஆலயம் என்றது. அதன் தலைவர் ஜெபஆலயத்தலைவன். கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் தொழுகைக்கூடம் என்கிறது. மலையாள பைபிளில் இயேசு உபதேசிப்பது பள்ளிகளில், யவீரு பள்ளிப்பிரமாணி. ஜெபஆலயம் என்பதில் ஆலயம் பொருந்தவில்லை. யூதர்களுக்கு ஆலயம் என்று இருந்தது எருசலேமில் ஒன்றே. பலி நடந்த அந்த இடத்தை கி.பி. 70-இல் ரோமர்கள் இடித்தார்கள். இங்கே கருவறை இல்லை, பலிபீடம் இல்லை, இருப்பது வாசிக்கும் மேடையும் சுருள் வைக்கும் பேழையும். தொழுகைக்கூடம் தவறில்லை, ஆனால் மூன்றில் ஒன்றைத்தான் சொல்கிறது. பாடம் அதில் இல்லை, வழிப்போக்கன் அதில் இல்லை.

1950-களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். நெகேவ் பாலையில் நெவாத்திம் என்ற ஊரில் ஒரு பகுதியினர் பயிர் செய்து தழைத்தார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உள்கட்டு மரவேலை எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் பள்ளிகளைப் பழுதுபார்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் சேராத ஊரில் பொதுத்தொழுகை இல்லை.

நாம் தமிழில் எழுதுகையில் யூதப்பள்ளி என்றே எழுதலாம் என்பது என் கட்சி. படிக்கிறவர்கள் பள்ளிக்கூடம் என்று மயங்குவார்களே என்பார்கள். மலையாளி ஒரே நாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்குத் தொழப் போகிறார், எந்தக் குழப்பமும் இல்லை. பள்ளிவாசலையும் பள்ளியறையையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே தெருவில் வைத்திருக்கும் காரைக்குடிக்காரருக்கும் அது சிரமமாக இருக்காது.